மேடம் இன்னும் சாப்பிடவில்லை

என் அண்ணனுக்குப் பல்லி என்றால் பயம். சுவரில் பல்லி உட்கார்ந்திருந்தால் அந்த அறைக்குள் போகமாட்டான். நான் வேலை முடிந்து வந்து துடைப்பத்தால் விரட்டிய பிறகுதான் உள்ளே போய்ச் சட்டையே மாற்றுவான். ஐம்பத்து நாலு வயது ஆள். முப்பத்து மூன்று வருடமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தடி நீளப் பாம்பு ஒன்றை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அப்போது நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் கத்திரிக்கோலும் கையுமாக மூன்று மாடி ஏறி வந்துவிட்டார்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் அண்ணனும் இருபத்திரண்டு வருடமாக இந்த மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு கூடம், நடுவில் நின்று கை நீட்டினால் நாலு சுவரையும் தொடக்கூடிய ஒரு சமையலறை. கல்யாணம் எங்கள் இரண்டு பேருக்கும் வாய்க்கவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு காரணம் சொல்வேன், அண்ணன் எதுவும் சொல்லமாட்டான். எனக்கு வேலை அறுபத்து நாலு அறைகள் உள்ள ஒரு விடுதியில், ரூம் சூப்பர்வைசர். எந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். தங்க வருகிறவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுவதுதான் எங்கள் தொழிலில் பாதி.

அண்ணனுக்கு நேரெதிர் தொழில். அவன் திறந்து பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் கம்ப்ரசர்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். பார்ப்பவர்களுக்கு ஏதோ பாட்டுக் கேட்பதாகத் தோன்றும். எதைக் கண்டாலும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பான். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே புறங்கைதான், அதே முகம்தான். 'கேஸ் குறைஞ்சிருக்கு' என்று சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டு படுத்திருப்பேன். ஆள் நல்லவன். கைராசிக்காரன் என்று பெயர். ஆனால் பேச்சு மட்டும் கிடையாது, சரியான கல்லுளிமங்கன். சாப்பிடும்போது அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குக் கை காய்ந்துவிடும்.

பாம்பு வந்த கதை இது. கல்லூரியில் உயிரியல் நடத்தும் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போயிருக்கிறான். ஃப்ரீசரைத் திறந்தால், ஐஸ்கிரீம் இருக்க வேண்டிய இடத்தில் செத்த எலிகள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில், வரிசையாக, தேதி எழுதி. வேறு மெக்கானிக்காக இருந்தால் டூல் பாக்ஸைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பான். அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இதுல எதுவும் இளகிப் போச்சா டீச்சர்?" என்பதுதானாம். டீச்சருக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அவர் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போகிறார். பாம்பைக் கூட்டிப்போக முடியாது. இத்தனை நாளாக யாரிடம் கொடுப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவர், ஃப்ரீசரை அவன் மெதுவாக மூடியதைப் பார்த்துவிட்டு, இவனிடம் கேட்டிருக்கிறார். இவனும் சரி என்றுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"என்ன இது?" என்றேன், நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு.

"ப்ளட் பைத்தான். ரத்த மலைப்பாம்புன்னு வெச்சுக்கோ."

"ரத்தம் குடிக்குமா?"

"சேச்சே. கலருக்காகச் சொல்றாங்க."

"உனக்குப் பல்லியே ஆகாதே, அண்ணா!"

"பல்லி ஓடும்" என்றான். "இது எங்கேயும் ஓடாது."

அது என்னவோ உண்மைதான். அந்தப் பாம்பு ஓடுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. என் கெண்டைக்கால் மொத்தம், கருஞ்சிவப்பு உடம்பு, அதன்மேல் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக. வால் மட்டும் குட்டையாக, ஏதோ சின்னப் பாம்பிடம் இரவல் வாங்கி ஒட்டியது மாதிரி. ஏழு கிலோ எடை. சுருண்டு உட்கார்ந்துகொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது. முப்பதாவது நம்பர் அறை கேட்டவருக்கு முப்பத்தொன்றாவதைக் கொடுத்தால் அப்படித்தான் பார்ப்பார்கள். பெண் பாம்பாம். அண்ணன் அன்றே அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்துவிட்டான்.

நிரந்தரமாக அது எங்களுடையது ஆகவில்லை, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். டீச்சருக்குப் பழக்கமான ஒரு டாக்டரம்மா இருந்தார், பாம்பு, ஆமை, ஓணான் மாதிரி ஜீவன்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் பேச்சில் ஒளிவுமறைவே கிடையாது. "பன்னிரண்டு வாரம் கழிச்சு வருவேன். ஒழுங்கா சாப்பிட்டு, எடை குறையாம இருந்தா பேப்பரை உங்க பேருக்கு மாத்தித் தரேன். இல்லேன்னா விலங்குக் காப்பகத்துல ஒரு இடம் காலியா இருக்கு, கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டான். நான் காலண்டரில் பன்னிரண்டு வாரத்தை எண்ணி, அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

வட்டம் போட்டது தப்பா? நீங்களே சொல்லுங்கள். கூடத்தில் ஜன்னலோரம் நான் கால் நீட்டி உட்காரும் இடத்தில் நாலடிப் பெட்டி வந்துவிட்டது. ஃப்ரீசரில் என் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு எலிகள் குடிவந்துவிட்டன. டப்பாமேல் மூடி இருக்கிறதே என்று அண்ணன் சமாதானம் சொன்னான். அந்த ஐஸ்கிரீமை நான் கடைசிவரை தொடவில்லை.

முதல் கோளாறு தண்ணீரில் வந்தது. மேடம் சதுப்புக் காட்டுப் பிறவி. அவளுக்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், காற்றும் ஈரமாக இருக்க வேண்டும். டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் முப்பத்து மூன்று வருடம் ஃப்ரிட்ஜ் பார்த்தவனுக்குப் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் பொறுக்குமா? அவன் அகராதியில் அது கோளாறு. கண்ணாடியில் பனித்த ஈரத்தை எல்லாம் துணி போட்டுத் துடைத்தான். மூடி இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினான். புது ஷூ டப்பாவில் ஈரம் உறிஞ்ச வருமே சின்ன வெள்ளைப் பொட்டலங்கள், அதில் நாலைந்தை மூலைக்கு ஒன்றாக வைத்தான். எல்லாம் தொழிலில் வந்த கைப்பழக்கம். மூன்றாவது வாரம் மேடம் தோல் உரித்தபோது, அது முழுதாகக் கழன்று வராமல் பழைய சுவரில் காரை பெயர்வதுபோல் துண்டு துண்டாக வந்தது.

அண்ணன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். அவர் பேசியது அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது. "ஐயா, அது ஈரத்துல கிடக்கற பாம்பு. அதைத் துவைச்ச துணி மாதிரி காயப் போட்டிருக்கீங்களே!" அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அன்று என் விடுதியில் கழித்துப்போட்ட டவல்கள் இரண்டை நனைத்து, மேடத்தை அதில் சுற்றிப் படுக்க வைத்தோம். நான் சும்மா டவலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் ஈரத்தைப் பிடித்துக்கொண்டான். ஈரம் சரியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பான். திறந்ததும் ஈரம் வெளியே போய்விடும். உடனே தண்ணீர் தெளிப்பான். தெளித்தது ஊறியதா என்று பார்க்க மறுபடி திறப்பான். நடுவில் மேடத்தைப் புறங்கையால் ஒருதரம் தொட்டுக்கொள்வான். வேலைக்குப் போகும் முன் நாலு தடவை, வந்தபின் பத்துத் தடவை. மதியம் நடுவேலையில் வீட்டுக்கு ஓடிவந்து இரண்டு தடவை. வீடு வீடாகப் போய், "கதவைத் திறந்து திறந்து பார்க்காதீங்கம்மா, ஃப்ரிட்ஜ் பாழாயிடும்" என்று சொல்லிவிட்டு வருகிறவன் இவன்தான்.

மேடம் வந்ததிலிருந்தே பட்டினிதான். இரண்டு வாரத்துக்கு ஒரு எலி என்பது கணக்கு. எலியை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு இளக வைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். அண்ணன் இடுக்கியைக் கடைசி முனையில் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டினான். மேடம் மூச்சை உள்ளே இழுத்து, பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சீறல் விட்டாள். இவன் இடுக்கியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டான். இரண்டாவது வாரம் சாப்பிடவில்லை, நாலாவது வாரம் சாப்பிடவில்லை, ஆறாவது வாரமும் இல்லை. மூன்று எலி குப்பைக்குப் போயிற்று. அண்ணன் குட்டி போட்ட பூனை மாதிரி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னும் சாப்பிடல" என்று காலையில் சொல்வான். "இன்னும் சாப்பிடல" என்று சாயங்காலமும் சொல்வான். போகிற போக்கில் தையல்காரர்கூட, "மேடம் சாப்பிட்டாங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. பன்னிரண்டு வாரத்தில் பாதி ஓடிவிட்டது. இதே போக்கில் போனால் டாக்டரம்மா வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார், என் ஜன்னல் எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஜன்னல் மட்டுமா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். எனக்குப் பொறாமை. பாம்பின்மேல் பொறாமை. என்னோடு சாப்பிடும்போது வாய் திறக்காதவன், அந்தப் பெட்டிமுன் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கதை கதையாகச் சொன்னான். "இன்னிக்கு ஒரு வீட்ல, மேடம், ஃப்ரிட்ஜுக்குள்ள மூக்குக் கண்ணாடி. அந்த ஐயா ரெண்டு மாசமா தேடறாராம்." இதை என்னிடம் சொன்னால் நான் சிரித்திருக்க மாட்டேனா? சமையலறையில் நின்றபடி ஒட்டுக்கேட்டுத்தான் சிரித்தேன். அப்போது வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏழாவது வாரம் அவனுக்கு வெளியூர் வேலை வந்தது. மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் மெஷின் நின்றுவிட்டது, மூன்று நாள் வேலை. போகும்போது ஒரு தாள் கொடுத்தான். பத்தொன்பது குறிப்புகள். காலையில் இத்தனை தடவை திற, மதியம் இத்தனை தடவை திற, புறங்கையால் தொடு, உள்ளங்கையால் தொடாதே.

"பயப்படாதே, ஒண்ணும் பண்ணாது" என்று எனக்குத் தைரியம் சொன்னான். மூன்று தடவை இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடியவன்!

அவன் தலை மறைந்ததும் தாளை மடித்து ஃப்ரிட்ஜ்மேல் வைத்தேன். அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது என்று ஒரு பழைய படுக்கை விரிப்பால் பெட்டியை மூடினேன். பிறகு குறும்பு தலைக்கேறிவிட்டது. என் கைப்பையில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று எழுதிய விடுதி அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்துப் பெட்டியின் பிடியில் மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டு நானே கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவது நாள் எனக்கு வார விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு, செத்துகித்துப் போய்விட்டாளோ என்ற பயத்தில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேடம் ஒளிந்துகொள்ள வைத்திருந்த பானை ஓட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி வைத்திருந்தாள். சீறவில்லை. நாக்கு மட்டும் மெதுவாக வெளியே வந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். முதல் நாள் முழுக்க, அது சரியில்லை இது சரியில்லை என்று எரிந்து விழுந்த விருந்தாளி, ஒருத்தரும் கதவைத் தட்டாமல் விட்டுவிட்டால் மறுநாள் தானாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பார். இருபது வருடமாகப் பார்க்கிறேன். இவளுக்கு நோயும் இல்லை நொடியும் இல்லை. என் அண்ணன் இவளை நிம்மதியாக இருக்க விடவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

எலியை எடுத்து வெந்நீரில் போட்டேன். பசி என்று வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குச் சோறில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. இடுக்கியில் பிடித்து நீட்டினேன். என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்க முடியவில்லை. அத்தனை பெரிய உடம்பு, அசையவே அசையாத உடம்பு, ஒரு நொடியில் எலியைக் கவ்வி அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது. நான் "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு சோபாவில் விழுந்தேன். தையல்காரர் கீழேயிருந்து என்ன என்று கேட்டார். கரப்பான்பூச்சி என்றேன். எழுந்து மறுபடி எட்டிப் பார்த்தேன். மேடம் வாயைப் பிளந்து, இந்தப் பக்கத் தாடை ஒரு அடி, அந்தப் பக்கத் தாடை ஒரு அடி என்று அவசரமே இல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரு கொட்டாவி. எனக்கு ஏனோ வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டான். "சாப்பிட்டாளா?"

"இல்லையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியிருந்தால் மேடம் இங்கேயே தங்கிவிடுவாள், அதனால்தான். அவள் பட்டினியும் கிடக்கக்கூடாது, என் வீட்டிலும் இருக்கக்கூடாது. டாக்டரம்மா வரும்வரை நான் திருட்டுத்தனமாகச் சோறு போடுவேன். இவன் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவர் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எவ்வளவு அழகான திட்டம் பாருங்கள். ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். "அண்ணா, நீ திறந்து திறந்து பார்க்கறதுதான் அவளுக்குப் பிடிக்கல. விரிப்பை எடுக்காதே. ஒரு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்தறதோட நிறுத்திக்கோ" என்றேன்.

"உசிரோட இருக்காளான்னு எப்படித் தெரியும்?"

"இருப்பாள்னு நம்பு."

சரி என்றான். சொன்னபடி நடந்தும் கொண்டான். பெட்டிமுன் முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

திருட்டுத்தனம் எவ்வளவு கஷ்டம் என்பது அன்று ராத்திரியே தெரிந்தது. ஃப்ரீசரில் எலி எண்ணிக்கை இடிக்குமே! குறைந்த இடத்தில் என்ன வைப்பது என்று வீடெல்லாம் தேடி, கடைசியில் அண்ணனுடைய சாம்பல் நிறச் சாக்ஸ் ஒன்றை எலி அளவுக்குச் சுருட்டி, பையில் போட்டு, தேதி எழுதி வரிசையில் வைத்தேன். தூரத்தில் பார்த்தால் அசல் எலி. பத்தாவது வாரம் அவன் வேலைக்குப் போயிருந்தபோது மேடத்துக்கு இரண்டாவது விருந்து நடந்தது. ஜோடிச் சாக்ஸின் இன்னொன்றும் ஃப்ரீசருக்குப் போயிற்று.

எடைதான் காலை வாரிவிடப் பார்த்தது. சிலிண்டரில் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அண்ணனிடம் ஒரு தராசு உண்டு. வாரா வாரம் மேடத்தைப் பெட்டியோடு தூக்கி அதன்மேல் வைப்பான்.

"முன்னூறு கிராம் ஏறியிருக்கு" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

"தண்ணி குடிச்சிருப்பா" என்றேன்.

"ஓ" என்றான்.

இவ்வளவு அப்பாவியாக ஒருத்தன் இருப்பானா என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய சோதனை பதினோராவது வாரம் வந்தது. இந்த வகைப் பாம்பு உள்ளே போனதை அவ்வளவு சீக்கிரம் வெளியே விடாது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் பத்திரமாக வைத்திருந்து, ஒரு நாள் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிவிடும். அந்த நாள் என் விடுமுறை நாளாக அமைந்தது என் அதிர்ஷ்டம். கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். கல்யாண கோஷ்டி காலி செய்துவிட்டுப் போன அறையைக்கூட இருபது நிமிஷத்தில் சுத்தம் செய்தவள் நான். இதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேடத்தைக் குளியல் தொட்டியில் இறக்கிவிட்டு, மண்ணை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டேன். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் சுகமாகக் கிடந்தாள். தூக்கியபோது என் முழங்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடக்கூடாது என்று பிடித்துக்கொண்டது. நான் அப்படியே தொட்டி ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பாக்கி இருந்த வேலையை மறந்துவிட்டேன்.

இதற்கிடையில் அண்ணன் இளைத்துக்கொண்டே வந்தான். தட்டில் போட்டது பாதி அப்படியே இருக்கும். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. ஒரு நாள் பொறுக்காமல், "பாம்பு சாப்பிடலைன்னா நீயும் பட்டினி கிடப்பியா?" என்று கத்தினேன். "பசி இல்லம்மா" என்றான். இப்போதே சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. இன்னும் ஒரே வாரம், அவள் போய்விட்டால் இவனும் சரியாகிவிடுவான் என்று விழுங்கிவிட்டேன்.

சிவப்பு வட்டம் போட்ட நாள் வந்தது. அண்ணன் வேலைக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, மேடத்தின் தண்ணீர்த் தொட்டி, பானை ஓடு, ஹீட்டர், இடுக்கி எல்லாவற்றையும் துடைத்து ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே எனக்கு என்னவோ போல் ஆயிற்று. டாக்டரம்மா சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கூண்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மேடத்தைத் தூக்கிப் பார்த்தார், வாயைப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கா?" என்று நிமிர்ந்தார். "கடைசியா எப்போ சாப்பிட்டா?"

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன், "இன்னும் சாப்பிடல" என்று சொல்லப்போகிறான். பன்னிரண்டு வாரமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"பதினோரு நாள் ஆச்சு டாக்டர்" என்றான். "அதுக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு தடவை."

"நீங்கதான் குடுத்தீங்களா?"

"இல்ல. என் தங்கச்சி."

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "உனக்கு... எப்படித் தெரியும்?"

"ஃப்ரீசர்ல என் சாக்ஸ் இருக்கே."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மத்த பைக்கெல்லாம் உள்ள மாசக்கணக்குல படிஞ்ச பனி இருக்கு. அது ஒண்ணுல மட்டும் இல்ல. வெளியூர்லேர்ந்து வந்தேன் பாரு, அன்னிக்கு ராத்திரியே பார்த்துட்டேன்" என்றான் அண்ணன். "அப்புறம், தண்ணி குடிச்சா முன்னூறு கிராம் ஏறுமா?"

முப்பத்து மூன்று வருடமாக ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறவனிடம் ஃப்ரீசரில் போய் ஒளித்து வைத்திருக்கிறேன்! உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா எனக்கு? வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம் போன இடத்தில் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? அஞ்சு வாரமா ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே!"

அவன் டாக்டரம்மாவிடம்தான் பேசினான். அவ்வளவு நீளமாக அவன் மனிதர்களிடம் பேசி நான் கேட்டதில்லை. "பாம்பு நல்லா இருக்கு, நல்லா சாப்பிடறா. அதை மட்டும் சரியா எழுதிக்கோங்க, போற இடத்துல யாரும் வாயில திணிச்சு ஊட்டக்கூடாது. தனியா விட்டா தானா சாப்பிடுவா. ஆனா இங்க வேணாம் டாக்டர். தங்கச்சிக்குப் பிடிக்கல. இது அவ வீடும்தானே? நான் ஒரு வார்த்தை கேக்காம கொண்டுவந்துட்டேன். தப்பு என்னுது. அவ வேணாம்னு நினைச்சும் அதுக்குச் சோறு போட்டா பாருங்க, அவகிட்ட போய் நான் என்னன்னு கேக்கறது?"

சொல்லிவிட்டு அட்டைப் பெட்டியைத் தூக்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தான். டாக்டரம்மா குனிந்து மேடத்தை எடுக்கப் போனார்.

"கையை எடுங்க" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

அவர் கையை எடுத்துவிட்டார்.

"யார் சொன்னது எனக்குப் பிடிக்கலன்னு?"

"நீதாம்மா" என்றான் அண்ணன். "காலண்டர்ல வட்டம் போட்டிருக்கியே."

"போட்டேன். பன்னிரண்டு வாரம் முன்னாடி போட்டேன். அதுக்கப்புறம் அவ கழிஞ்சு வெச்சதை அள்ளிக் கொட்டினது யாரு? குளிப்பாட்டினது யாரு? இத்தனையும் பண்ணினது எவனோ ஒருத்தன் காப்பகத்துல கொண்டுபோய் வெச்சுக்கறதுக்கா? அதெல்லாம் முடியாது. மேடம் எங்கேயும் போகமாட்டா."

டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. கீழே வேனை ஒரு தையல் கடை வாசலை மறிச்சு நிறுத்தியிருக்கேன், அவர் ஏற்கனவே முறைச்சுக்கிட்டு நிக்கறார்" என்றார். தாளை நீட்டினார். பராமரிப்பவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினார். உணவு கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். என் கையெழுத்து இரண்டு இடத்தில் கோணிப்போயிற்று. அவர் காலிக் கூண்டோடு படி இறங்கிப் போனார்.

பிறகு நான் அட்டைப் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்து அண்ணன் தோளில் ஒரு போடு போட்டேன். "நடிகனாப் போயிருக்கலாம் நீ! எனக்காக எதையும் கேக்காம இருந்தே, சரி. பட்டினி கிடந்து இளைச்ச மாதிரியும் நடிக்கணுமா? அவ சாப்பிடறாள்னு தெரிஞ்சும் தட்டுல போட்டதை வீணாக்கினியே!"

அண்ணன் தோளைத் தேய்த்துக்கொண்டான். அசடு வழியச் சிரித்தான்.

"அது நடிப்பு இல்லம்மா" என்றான். "போயிடுவாளேன்னு நிஜமாவே சாப்பாடு உள்ள இறங்கல."

ஐந்து வாரம். ஒவ்வொரு வேளையும் அவன் எதிரே உட்கார்ந்து, நான் மட்டும் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன். சமையலறைக்குப் போய்த் தட்டைக் கழுவினேன். கழுவின தட்டையே மறுபடி கழுவினேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை, இருந்தாலும் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

கூடத்தில் அண்ணன் பானை ஓட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, விரிப்பை இழுத்து மூடினான். நான் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தான். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.